அர்ச்சுனன் சம்சாரம்: ஆச்சி பதில்கள்

போன இதழில், என் வீட்டுக்காரர் ஜாவாவில் சோலோ நகரத்துக்குப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்ததையும், 1986 முதல் ஒன்பது வருஷம் நாங்கள் அங்கே குடித்தனம் செய்ததையும் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தேவகோட்டையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அடுத்த வாரமே இன்னும் சிலர் அதே திசையில் கேட்டு எழுதிவிட்டார்கள். அதனால் இந்த மாதம் சீடைக்கு மாவு இறுகுவதும், சம்மந்தபுரத்து முறைகளும் காத்திருக்கட்டும்.

எங்கள் ஐயா மேடானுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்கு, போய்வந்தவர். வீடு பாகம் பிரிப்பதற்காகப் பெட்டகசாலையைக் காலி செய்தோம். ஒரு தகரப் பெட்டியில் தோலில் வெட்டிய பெண் பொம்மை கிடைத்தது. முழ நீளம் இருக்கும். உடம்பெல்லாம் பொடித் துளை. கைகள் தோளிலும் முழங்கையிலும் மடங்குகின்றன. முகம் கொஞ்சம் மேலே பார்த்தபடி இருக்கிறது. கூடவே ஐயா கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்: 'சிறீகண்டி. அர்ச்சுனன் சம்சாரம்.' பாரதத்தில் சிகண்டி எப்படி அர்ச்சுனன் சம்சாரம் ஆவார்? ஐயா தப்பாக எழுதிவிட்டாரா? இதை வீட்டில் வைக்கக்கூடாது என்கிறார்கள் சிலர்.
*ஒரு வாசகி, தேவகோட்டை*

ஐயா தப்பாக எழுதவில்லை அம்மா. கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்.

மேடான் இருப்பது சுமத்திராவில். அந்தப் பக்கத்து டெலிப் புகையிலைத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரர்கள் ஜாவாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏராளமான பேரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். போனவர்கள் தங்கள் கூத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். உங்கள் ஐயா கையில் இந்தப் பொம்மை அப்படி வந்திருக்கலாம். வட்டிக்கடை நடந்த கிட்டங்கியில் பெட்டியடிக்கு முன்னால் சம்மணம் போட்டு வட்டிக் கணக்கு எழுதியவர்கள், கேட்ட பெயரை மாற்றி எழுத மாட்டார்கள். 'சிறீகண்டி' என்று எழுதியிருக்கிறாரே, அதைக் கவனியுங்கள். நம் பாரதத்துப் பெயர் தெரிந்தவர்தானே, 'சிகண்டி' என்று திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஜாவாக்காரர் வாயில் அந்தப் பெயர் ஸ்ரீகண்டிதான்.

கதையைச் சொல்கிறேன். நம்மிடம் இருக்கிற பாரதத்தில், பீஷ்மர் காசி ராஜாவின் மூன்று பெண்களைத் தேரில் ஏற்றிக்கொண்டு வருகிறார். மூத்தவள் அம்பை. அவள் மனசில் வேறொருவர் இருந்தார். அவரும் ஏற்கவில்லை, இங்கேயும் இடமில்லை. பீஷ்மரைக் கொல்வேன் என்று தவம் இருந்து, உயிரை விட்டு, துருபதன் வீட்டில் பெண்ணாகப் பிறக்கிறாள். அவளை ஆண் பிள்ளை என்று சொல்லி வளர்க்கிறார்கள். பிறகு ஒரு யட்சனிடம் ஆண் உருவை வாங்கிக்கொள்கிறாள். யுத்தத்தில் சிகண்டியை முன்னால் நிறுத்த, பீஷ்மர் வில்லைத் தாழ்த்திவிடுகிறார். பின்னாலிருந்து அர்ச்சுனன் அடிக்கிறான்.

ஜாவா நிழல்கூத்தில் வழக்கமாகச் சொல்கிற கதையில் இந்த யட்சன் கிடையாது. உருமாற்றம் இல்லை. துருபதனின் இரண்டாவது பெண்ணாகப் பிறந்து, கடைசிவரை பெண்ணாகவே இருக்கிறாள். திரௌபதிக்குத் தங்கை, திருஷ்டத்யும்னனுக்கு அக்கா. பாஞ்சாலத்து ராஜகுமாரி. வில்வித்தைமேல் ஆசைப்பட்டு அர்ச்சுனனிடம் போய்ப் பாடம் கேட்கிறாள். அவனையே கல்யாணமும் செய்துகொள்கிறாள். பாரத யுத்தத்தில் யாருக்கும் மறைப்பாக நிற்க வரவில்லை அவள். படையை நடத்திக்கொண்டு வந்து, தன் வில்லில் தானே நாணேற்றிப் பீஷ்மரை அடிக்கிறாள். அம்பையின் ஆவி அந்த நேரத்தில் அவளோடு வந்து சேர்ந்துகொள்கிறது என்பார்கள்.

உங்கள் பொம்மையின் முகம் மேலே பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் அடையாளம். ஜாவாவில் ராஜகுமாரிப் பொம்மைகளை முகம் வெட்டும்போதே இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். தலை குனிந்து, பார்வை தன் காலடியில் இருந்தால் 'லுருஹ்'. நெற்றி நிமிர்ந்து, பார்வை எதிரில் இருப்பவர்மேல் இருந்தால் 'லன்யாப்'. கண் இரண்டு வகைக்கும் ஒன்றுதான், உமி நீக்காத நெல் மாதிரி நீண்டு, முனை கூர்ந்து. அவர்களும் அதை நெல்மணிக் கண் என்றே சொல்கிறார்கள். ஸ்ரீகண்டி லன்யாப்.

வீட்டில் வைக்கக்கூடாது என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஐயா கப்பலில் கொண்டுவந்தது அது. தேக்குத் தூணும் பீங்கான் சாமானும் வந்த வழியில்தான் வந்தது. தூண் இருக்கலாம், இவள் இருக்கக்கூடாதா? பாகம் பிரிக்கும்போது பொம்மை ஒருவருக்கும் காகிதம் ஒருவருக்குமாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரைக்குடிப் பழஞ்சாமான் கடையில் தோல் பொம்மைக்கு ஒரு விலை சொல்வார்கள். அந்தக் காகிதத்துக்கு அவர்களால் விலை சொல்ல முடியாது.

அர்ச்சுனனுக்குச் சுபத்திரை இருக்கிறாளே. அங்கே இரண்டு பேருக்கும் சண்டை வராதா? யாரை நல்லவளாகக் காட்டுவார்கள்?
*ஒரு வாசகர், கோட்டையூர்*

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதில் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாளை 'இபு' என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேரனுக்குச் சுன்னத்துக் கல்யாணம். வாசலில் பந்தல் போட்டு 'வாயாங் குலிட்' வைத்தார்கள். குலிட் என்றால் தோல். ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கியது. என்னை விருந்தாளி என்று திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பத்து மணிக்குள் இபு என் கையைப் பிடித்து உள்பக்கம் அழைத்துப்போய், பாடுகிற பெண்களுக்குப் பின்னால் பாயில் உட்காரவைத்துவிட்டார். அங்கேயிருந்து பார்த்தால் கூத்தாடியின் முதுகு, அவர் தலைக்கு மேல் விளக்கு, விளக்கடியில் பொம்மைகள், அதற்கப்பால் வெள்ளைத் துணி. பொம்மையின் தங்க நிறத்தையும் சிவப்பையும் இந்தப் பக்கம் இருப்பவர்களே பார்க்கலாம். அந்தப் பக்கம் வெறும் நிழல்தான். ஆனாலும் தோலின் இரண்டு பக்கமும் வர்ணம் தீட்டுகிறார்கள்.

கூத்து நடத்துகிறவருக்குத் 'தாலாங்' என்று பெயர். அத்தனை பாத்திரத்துக்கும் அவர் ஒருவரே குரல். வலது கால் விரலுக்கிடையில் ஒரு சின்ன மரச் சுத்தியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் பொம்மைப் பெட்டியில் தொங்குகிற உலோகத் தகடுகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். வாள் மோதுவதும் குதிரை ஓடுவதும் அந்தத் தட்டில்தான் வருகிறது. பின்னால் இருக்கிற கமெலான் வாத்தியக்காரர்களுக்கும் அந்தத் தட்டுதான் சைகை. விடியும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை.

திரைக்குக் கீழே ஒரு முழு வாழைத்தண்டைப் படுக்கவைத்திருப்பார்கள். பொம்மையின் கொம்புக் காம்பை அதில் குத்தி நிறுத்துவார்கள். தாலாங் ஒரு பொம்மையைப் பிடுங்கி இன்னொன்றைக் குத்தும்போதெல்லாம் பச்சை வாழைப்பட்டை நாற்றம் வரும். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பந்தக்கால் வாழை கட்டுகிற அன்று காலையில் வருகிற அதே நாற்றம். எனக்கு அங்கே அழுகை வந்துவிட்டது. இபு தலைவலி என்று நினைத்துக்கொண்டு இஞ்சி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்குக் கதை, ஸ்ரீகண்டி வில் பழகப் போவது. பாஞ்சாலத்தில் அவளுக்கு வேறொரு ராஜாவை நிச்சயம் பண்ணிவிடுகிறார்கள். அவளுக்கு இஷ்டமில்லை. அரண்மனையைவிட்டு அர்ச்சுனன் வீட்டுக்குப் போய், எனக்கு வில் கற்றுக்கொடு என்று கேட்கிறாள். சுபத்திரைக்கு இது தெரிந்துபோகிறது. அங்கே அவளுக்குச் செம்பத்ரா என்று பெயர். கிருஷ்ணனின் தங்கை, ராஜகுமாரிகளில் லுருஹ் என்றால் முதலில் சொல்கிற பெயர் அவளுடையது. நிறத்தை வைத்து 'ரோரோ இரெங்' என்றும் செல்லமாகக் கூப்பிடுவார்கள். கருப்பாயி என்று நாம் கூப்பிடுவது போல.

இரண்டு பேரும் திரையில் எதிரெதிரே நின்றார்கள். செம்பத்ரா பேசும்போது தாலாங்கின் குரல் இறங்கி, ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு வந்தது. கை அசையவே இல்லை. தொடைமேல் படிந்து கிடந்தது. ஸ்ரீகண்டி பேசும்போது குரல் மேலே ஏறி, வார்த்தை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு கை மடங்கி இடுப்பில் போய் நின்றது. ஒரே தொண்டை, ஒரே மூச்சு. கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பொம்பளைகள் கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்றே சொல்வீர்கள்.

நான் இபுவிடம் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன். இதில் யார் நல்லவள்? இபு என்னைத் திரும்பிப் பார்த்து, "இரண்டு பேரும் வலது பக்கத்தில்தானே நிற்கிறார்கள்" என்றார். பாண்டவர் பொம்மைகளை வலது கைப் பக்கமும் எதிரணியை இடது கைப் பக்கமும் நிறுத்துவது அங்கே முறை. குனிந்தவளும் நிமிர்ந்தவளும் ஒரே வாழைத்தண்டில், ஒரே பக்கத்தில்.

சண்டை வராதா என்றால், வரும். ஆனால் ஒருத்தியைக் கெட்டவளாக்கி மற்றவளை உயர்த்துகிற கதையை அந்த ஒன்பது வருஷத்தில் நான் பார்க்கவில்லை. இங்கே எத்தனை வீட்டில் இரண்டு மருமகளை நிறுத்திவைத்து, அவளைப் பார் இவளைப் பார் என்று ஒப்பிட்டுப் பேசியே இரண்டு பேரையும் புண்ணாக்குகிறோம். குனிந்த பெண் அடக்கமானவள், நிமிர்ந்த பெண் அடங்காதவள் என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். அந்த ராத்திரிக்குப் பிறகு அதை நான் என் பெண்ணிடம் சொல்லவே இல்லை.

கதை முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீகண்டி கல்யாணத்துக்குச் சம்மதிக்க அர்ச்சுனனுக்கு நிபந்தனை போடுகிறாள். மயேராகாச்சா என்னும் தன் தோட்டத்தைத் திருத்திக் கட்டித் தரவேண்டும்; வில்லில் தனக்கு ஈடுகொடுக்கிற ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். தன்னைவிடக் குறைந்தவளைக் கொண்டுவா என்று அவள் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. லாரசாத்தி என்கிற பெண் வந்து போட்டியிடுகிறாள். லாரசாத்தியும் அர்ச்சுனன் மனைவிதான், அரச குலத்தில் வளராதவள். இந்த இரண்டு பேரின் வில் போட்டியைத் தனி நடனமாகவே அங்கே ஆடுகிறார்கள்.

அங்கே திரௌபதிக்கும் ஐந்து புருஷனா?
*ஒரு வாசகி, பள்ளத்தூர்*

இல்லை. தருமர் ஒருவர்தான். ஐந்து பேர் என்று நான் சொன்னபோது இபுவின் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜாவாவில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சுன்னத்து வீட்டில் பாரதக் கதை எப்படி? மத விரோதம் என்று யாரும் சொல்வதில்லையா?
*ஒரு ஆசிரியர், புதுவயல்*

சொல்கிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் கூத்து அதையும் தாண்டி நிற்கிறது. ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பியவர்கள் என்று ஒன்பது வலிமார்களைச் சொல்வார்கள். அவர்களில் சுனான் கலிஜாகா நிழல்கூத்து வழியாகவே மார்க்கத்தைச் சொன்னார் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் வரலாறு. கதை அதற்கும் முந்தியது. கெடிரி நாட்டு ராஜா ஜெயபாயா காலத்தில், 1157இல், பாரத யுத்தத்தைப் பழைய ஜாவா மொழியில் காவியமாகப் பாடிவிட்டார்கள். எம்பு செடா தொடங்கினார், எம்பு பனுலு முடித்தார். அதனால் பாரதம் அவர்களுக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. அர்ச்சுனன் நடந்த மலை எங்கள் மலை என்றே பேசுவார்கள்.

தருமரிடம் ஒரு குலதனம் இருக்கிறது. 'கலிமாசாடா' என்று பெயர். தலைமுறை தலைமுறையாக வந்த ஓலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்குள் கலிமா ஷஹாதா, அதாவது இஸ்லாத்தின் உறுதிமொழி, இருக்கிறது என்று விளக்கம் சொல்வார்கள். ஒருமுறை முஸ்தகவேனி என்னும் ராஜகுமாரி, கடோத்கஜன் மாதிரி வேஷம் போட்டு வந்து அதைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள். யார் துரத்திக்கொண்டு ஓடுகிறது? நம் ஸ்ரீகண்டிதான். இன்னொரு சுன்னத்து வீட்டுப் பந்தலில், கலிமாவைக் காப்பாற்ற துருபதன் மகள் வில்லெடுத்து ஓடுவதை அந்த ஜனங்கள் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். ஒருவருக்கும் அது முரணாகப் படவில்லை.

நமக்கு இது புதிதா, யோசித்துப் பாருங்கள் ஐயா. நம் பக்கத்துச் சீமைதானே இராமநாதபுரம். உமறுப்புலவர் நபிகள் வரலாற்றைப் பாடும்போது மக்கத்து நாட்டில் நெல் விளையவைத்தார், மருத நிலம் பாடினார். சொந்த மொழியில் வரும்போது கதை சொந்த மண்ணில்தான் கால் ஊன்றும்.

பேத்தி பிறந்திருக்கிறாள். மகனும் மருமகளும் ஜகார்த்தாவில் இருக்கிறார்கள். ஸ்ரீகண்டி என்று பெயர் வைக்கப்போகிறார்களாம்! ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் எடுத்துச் சொல்லக் கூடாதா?
*ஒரு வாசகி, கானாடுகாத்தான்*

எடுத்துச் சொல்கிறேன், ஆனால் உங்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள் ஆச்சி.

நம் ஊரில் சிகண்டி என்பதை எதற்குச் சொல்கிறார்கள் என்று தெரியும். ஒருவரை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்தால் அந்தப் பேச்சு வரும். ஆணும் பெண்ணுமாகப் பிறந்த பிள்ளைகளைப் புண்படுத்தவும் அதே சொல். என் காதுபட ஒரு பிள்ளையை அப்படிக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அம்பை என்ன தப்புச் செய்தாள்? தேரில் ஏற்றிக்கொண்டு போனதும் அவள் கேட்டதில்லை, திரும்பி அனுப்பியதும் அவள் கேட்டதில்லை. இத்தனைக்குப் பிறகும் அவள் பெயரை நாம் ஏச்சாக்கிவிட்டோம்.

1988, சியோல் ஒலிம்பிக். எங்கள் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் டிவி இல்லை. இபு வீட்டு டிவிக்கு முன்னால் தெருவே கூடிவிட்டது. இந்தோனேசியா அதுவரை ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. பெண்கள் அணி வில்வித்தையில் அமெரிக்காவும் இவர்களும் ஒரே புள்ளியில் நின்று, மறுபடி எய்யச் சொல்லி, இவர்கள் ஜெயித்து வெள்ளி வாங்கிவிட்டார்கள். நாட்டுக்கே முதல் பதக்கம். லிலிஸ் ஹண்டாயானி, நுர்ஃபித்ரியானா சைமன், குசுமா வர்தானி, மூன்று பெண்கள். திரையில் அவர்கள் வந்தபோது கூட்டத்தில் இருந்த கிழவர் ஒருவர் கையைத் தட்டி "ஸ்ரீகண்டி! ஸ்ரீகண்டி!" என்று கத்தினார். நான் இபுவிடம் மூன்று பேரில் யாருக்கு அந்தப் பெயர் என்று கேட்டேன். மூன்று பேருக்கும்தான் என்றார். தைரியமான பெண் யாராக இருந்தாலும், விளையாட்டில் ஜெயித்தாலும், படையில் சேர்ந்தாலும், அங்கே அவள் ஸ்ரீகண்டி.

ஊர் சிரிக்கும் என்கிறீர்கள். தமிழிலேயே அந்தப் பெயருக்கு மரியாதை இருந்த காலம் உண்டு. அகத்தியருடைய மாணாக்கர்களில் சிகண்டி என்றொருவர் இசைக்கு இலக்கணம் செய்தார் என்று பழைய உரைகளில் வரும். நிகண்டில் சிகண்டி என்றால் மயில். சிகை, அதாவது கொண்டை உடையது. குன்றக்குடி மலையேறி மயில்மேல் இருப்பவனைக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம். மயில் என்று பேத்தியைக் கூப்பிடச் சிரிப்பு எதற்கு?

பெயர் வைக்கிற அன்றைக்கு ஊரில் யாராவது கேட்டால், 'அர்ச்சுனன் சம்சாரம்' என்று சொல்லுங்கள். தேவகோட்டை ஐயா எழுதிவைத்துவிட்டார், உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

நம் தோல்பாவைக் கூத்தும் இதுவும் ஒன்றா? தோல் பொம்மையை எப்படிப் பாதுகாப்பது?
*இருவர், காரைக்குடி, பொன்னமராவதி*

உறவு இருக்கிறது, ஆனால் ஒன்றில்லை. நம் பக்கத்துத் தோல்பாவை ஆட்டுத் தோல். மெல்லிசாகச் சீவி, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி வர்ணம் தீட்டுவதால் திரையில் நிறத்தோடு தெரியும். அதை ஆடுகிறவர்கள் வீட்டில் மராத்தி பேசுகிற குடும்பங்கள். மதுரை, கன்னியாகுமரிப் பக்கம் இருக்கிறார்கள். கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் கம்பன் பாட்டைச் சொல்லியே பாவை ஆடுவார்கள். ஜாவாவில் எருமைத் தோல். கனமாக இருக்கும். வெளிச்சம் தோல் வழியாகப் போகாது, உளியால் வெட்டிய துளை வழியாகத்தான் போகும். அதனால் அங்கே வேலையெல்லாம் துளையில். ஸ்ரீகண்டியின் கழுத்து ஆபரணத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கோலமாவு தூவினது மாதிரி இருக்கும். காம்பு எருமைக் கொம்பில் செய்தது. கொம்பை நெருப்பில் காட்டி, பொம்மையின் உடம்பு வளைகிற வாக்கிலேயே வளைத்து, நடுவில் பிளந்து, தோலை அதற்குள் செருகிக் கட்டியிருப்பார்கள்.

பாதுகாப்பது எப்படி என்பதை என் தப்பிலிருந்தே சொல்கிறேன். சோலோவிலிருந்து திரும்பும்போது இபு எனக்கு ஒரு செம்பத்ரா பொம்மை கொடுத்தார். ஊருக்கு வந்த வருஷம் ஐப்பசி மழையில் அதில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. பதறிப்போய்த் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, வளவு முற்றத்தில் வற்றலுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தேன். மத்தியானம் வந்து பார்த்தால் தோல் அப்பளம் மாதிரி சுருண்டு, கொம்பிலிருந்து பிரிந்து கிடந்தது. முகத்தில் இருந்த தங்கப் பூச்சு எண்ணெயோடு துணியில் வந்துவிட்டது. குனிந்த அந்த முகம் இப்போது வெறும் தோல் நிறத்தில் இருக்கிறது. இபு போய்ச் சேர்ந்துவிட்டார். யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே எண்ணெய் வேண்டாம், வெயில் வேண்டாம், ஈரத்துணி வேண்டாம். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள். பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து, நடுவில் படுக்கைவாக்கில் வைத்து, மரப்பெட்டியில் வையுங்கள். ஜாவாவிலும் பொம்மைகளைப் படுக்கவைத்து, அடுக்குக்கு அடுக்கு மூங்கில் தட்டி போட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடலாம், தோலில் படக்கூடாது. மழைக்காலம் முடிந்ததும் நிழலில், காற்றுப்படும்படி ஒரு நாள் விரித்துவையுங்கள். கூரையுள்ள பட்டாலை போதும், முற்றம் வேண்டாம். தேவகோட்டை வாசகி இதைக் கட்டாயம் படிக்கவும்.

ஸ்ரீகண்டி கடைசியில் என்ன ஆகிறாள்?
*ஒரு கல்லூரி மாணவி, காரைக்குடி*

இந்த ஒரு இடத்தில் நம் பாரதமும் அவர்கள் கூத்தும் கைகோத்துக்கொள்கின்றன. யுத்தம் முடிந்துவிட்டது. பாண்டவர் ஜெயித்தாயிற்று. ராத்திரி பாசறையில் எல்லாரும் அசந்து தூங்கும்போது அசுவத்தாமன் நுழைகிறான். ஜாவாக் கூத்தில் தூக்கத்திலேயே அவளைக் கொன்றுவிடுகிறான். வில் கையில் இருந்திருந்தால் என்ற நினைப்பு வராமல் அந்தக் கட்டத்தைப் பார்க்க முடியாது.

பாரத யுத்தக் கதைகளை ஜாவாவில் சாதாரணமாகப் போட மாட்டார்கள். குடும்பத்துக்கு ஆகாது என்று பயப்படுவார்கள். போட்டால் படையல் வைத்து, முறை செய்துதான் போடுவார்கள். ஒரு கிராமத்தில் அறுவடை முடிந்து ஊர் சுத்தம் செய்கிற சடங்கில் நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ராத்திரிக் கூத்துக்கு மூன்று பாகம் உண்டு. கடைசிப் பாகத்தின் ராகத்துக்கு 'மன்யூரா' என்று பெயர். மூன்று மணிக்குப் பிறகுதான் அதைத் தொடுவார்கள். மன்யூரா என்றால் மயில் என்று பாடுகிற பெண்களில் ஒருத்தி சொன்னாள்.

அந்தக் கட்டம் வந்தபோது தாலாங் வாத்தியங்களை நிறுத்தச் சொன்னார். ஸ்ரீகண்டியின் நிழல் திரையில் படுத்துக் கிடந்தது. அசுவத்தாமன் நிழல் அதன்மேல் விழுந்து விலகியது. மற்றப் பொம்மைகளை உதவியாளிடம் நீட்டுகிறவர், இவளைத் தானே எடுத்தார். இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கி, குச்சிகளைக் காம்போடு சேர்த்துப் பிடித்து, இடது பக்கம் இருந்த பெட்டியில் வைத்தார். வைத்துவிட்டு, குளிர்ந்துபோயிருந்த காப்பியில் ஒரு வாய் குடித்தார். பிறகு காலால் தகட்டைத் தட்டினார். வாத்தியம் மறுபடி எழும்பியது.